குளிரில் பிந்தி விழித்த டிஸ்க்குகள்

கம்ஷாத் அக்கா என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருடைய தம்பி சாகெனுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. "எங்க அக்கா கம்ப்யூட்டர்ல இருக்கறத எல்லாம் அழிப்பா. திரும்பப் போடுவா. மறுபடியும் அழிப்பா. இதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற குடுக்கறாங்க" என்று விருந்துகளில் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்லிச் சிரிப்பான். "நீ மட்டும் என்ன கிழிக்கற? குழிக்குள்ள இறங்கற, ஏறற, மறுநாள் திரும்ப இறங்கற" என்று அக்கா அங்கேயே திருப்பிக் கொடுப்பார்.

சாகென் சொன்னதில் பெரிய தப்பில்லை. கரகண்டாவில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி, சர்வர்களில் தானாகவே எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளும் ஒரு மென்பொருளை விற்றது. மாவட்ட ஆஸ்பத்திரி, தண்ணீர் ஏற்றும் நிலையம், சுரங்கம் என்று புல்வெளியில் தூரந்தொலைவில் கிடக்கும் இடங்களில் விவரம் தெரிந்த ஆட்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். அவர்களுக்காகச் செய்தது. பென்டிரைவைச் செருகி, பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வந்தால் சர்வர் தயாராக இருக்கும். நடுவில் ஒரு கேள்வி கேட்காது. அது ஒன்றும் கேட்காது என்பதால்தான் அதன் குறுக்கே நின்று கேள்வி கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கம்ஷாத் அக்கா. அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த எவால்ட் நான். என் பாட்டனார் காலத்தில் வோல்கா கரையிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கிவிடப்பட்ட ஜெர்மன் குடும்பம் எங்களுடையது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

ஒரே ஒரு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் குழப்பத்துக்கு இடமில்லை. இருப்பதை அழித்துவிட்டு எழுதவேண்டியதுதான். இரண்டு, நான்கு என்று டிஸ்க்குகள் கூடும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும். எதில் சிஸ்டத்தைப் போடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை யாரும் பக்கத்தில் இல்லாமல் மென்பொருளே முடிவு செய்யவேண்டும். அக்கா நாள் முழுக்க அதற்குத்தான் பொறி வைத்துக்கொண்டிருப்பார். பெரியதும் சிறியதுமாக இரண்டு, ஒரே அளவில் நான்கு, ஏற்கெனவே ஜோடி சேர்க்கப்பட்டவை, பழைய சிஸ்டத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பவை, பாதி செத்தவை என்று விதவிதமாக அடுக்கி, "இப்ப நீ எதைத் திங்கறன்னு பாக்கறேன்" என்று மென்பொருளை அதன்மேல் ஏவிவிடுவார். வாயில் ஒரு உப்புத் தயிர் உருண்டையை அதக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பார். தப்பான டிஸ்க்கைத் தின்றுவிட்டால் உருண்டையைக் கடக்கென்று கடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் நிரல் எழுதுகிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் நிஜமானவை அல்ல. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் இல்லாத கம்ப்யூட்டர்களை உண்டாக்கி, அவற்றில் இல்லாத டிஸ்க்குகளை மாட்டித்தான் சோதிப்போம். காலையில் நாற்பது அடுக்கை உருவாக்கி, மதியத்துக்குள் அத்தனையையும் கலைத்துவிடலாம். ஆரம்பத்தில் நிஜ டிஸ்க்குகளும் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். இடமும் இல்லை, ஆளும் இல்லை என்றார்கள். அவரும் விட்டுவிட்டார்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பல காலமாகிறது, பிள்ளைகள் இல்லை. தாய் செத்தபோது சாகென் பள்ளிக்கூடம் சேராத பொடியன். அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, ராணுவத்துக்கு அனுப்பி, ரபீகாவைப் பேசி முடித்து வைத்தது எல்லாம் அக்காதான். சுரங்க வேலைக்கு மட்டும் போகாதே என்று சொல்லிப் பார்த்தார். எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

ஜனவரியில் ஒருநாள் பகல் ஷிப்டில், சாகென் வேலை பார்த்த சுரங்கத்தில் வாயு வெடித்தது. எங்களுக்கு அலுவலகத்திலேயே செய்தி வந்துவிட்டது. யாரோ வராந்தாவில் சுரங்கத்தின் பெயரைச் சொன்னார்கள். அக்கா எழுந்து கோட்டை மாட்டினார். சால்வையை மறந்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, என் பழைய நீவா காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சுரங்க வாசலில் பெண்கள் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். கரித்தூள் படிந்து அந்தப் பக்கத்துப் பனியே கறுப்பாக இருக்கும். ரபீகா இரண்டு பெண்பிள்ளைகளையும் கோட்டுக்குள் இழுத்து அணைத்து வைத்திருந்தாள். மேலே கொண்டுவந்தவர்களில் சாகென் இல்லை. மூன்றாம் நாள்தான் அவனை எடுத்தார்கள். அக்கா இடுப்புப் பட்டையை வைத்து அடையாளம் சொன்னார்.

அதன் பிறகு ஊரில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வெடிப்பதற்கு முன்னால் கீழே எவ்வளவு வாயு இருந்தது? அளவு மீறியிருந்தால் ஆட்களை மேலே அழைத்திருக்கவேண்டும். உயிரோடு வந்தவர்கள், காலையிலிருந்தே அபாய மணி விட்டுவிட்டு அடித்தது, மேஸ்திரி அதைக் கண்டுகொள்ளவேண்டாம் என்றார் என்று சொன்னார்கள். நிர்வாகம், அப்படி எதுவும் இல்லை, வாயு திடீரென்று பாறையிலிருந்து பீறிட்டது என்றது. யார் சொல்வது நிஜம் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கீழேயிருந்த வாயுமானிகள் அளந்த ஒவ்வொரு அளவும் மேலே இருந்த சர்வர் அறைக்கு வந்து பதிவாகும். விசாரணைக்காரர்கள் அதைக் கேட்டுப் போனபோது அந்தப் பதிவுகள் இல்லை. சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன.

துடைத்தவன் பெயரும் உடனே தெரிந்துவிட்டது. ரோமன் ஹெகாய் என்று ஒரு கொரியன், சுரங்கத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வெடிவிபத்தில் மின்சாரம் போய், வந்தபிறகு சர்வர் எழவில்லை, அதனால் எங்கள் கம்பெனி கொடுத்த பென்டிரைவைச் செருகித் திரும்ப நிறுவினேன், பதிவுகள் வேறு டிஸ்க்கில் இருக்கின்றன, அதை அது தொடாது என்று கம்பெனிக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது என்றான். யார் நம்புவார்கள்? விசாரணைக்கு முந்தின நாள் ஆதாரம் தானாக அழிந்ததாம்! அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவனை அழிக்கச் சொன்னது யார் என்று மேலே மேலே போனால் நிர்வாகமே மாட்டும் என்று ஊர் காத்திருந்தது. செத்தவர்களின் மனைவிமார் எல்லாம் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். முதல் கையெழுத்து ரபீகாவுடையது.

எங்கள் கம்பெனிக்கு விசாரணை அதிகாரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் மென்பொருள், யாரும் சொல்லாமல், பதிவுகள் இருக்கும் டிஸ்க்கைத் தானாக அழிக்குமா?

இயக்குநர் கைரத் அக்காவின் மேசைக்கே வந்து நின்றார். "அக்கா, உங்க மனசு இப்ப எப்படி இருக்கும்னு தெரியும். ஆனா இதை வேற யார்கிட்ட குடுப்பேன்? அந்தச் சுரங்கத்து சர்வர் மாதிரியே நாலு டிஸ்க் அடுக்கி, திரும்ப ஒருதரம் ஓட்டிப் பாத்து, அழிக்காதுன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"அழிக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்பறம் எதுக்கு ஓட்டணும்?"

"ஒரு முறைக்குத்தான்கா."

அக்கா ஓட்டினார். சுரங்கத்து சர்வரில் நான்கு டிஸ்க். சிஸ்டத்துக்கு ஜோடியாகச் சின்னதாக இரண்டு, ரொம்பப் பழையவை. பதிவுகளுக்கு ஜோடியாகப் பெரிதாக இரண்டு, போன வருஷம்தான் மாட்டியவை. எங்கள் மென்பொருளுக்குக் கொடுத்திருந்த உத்தரவு, 'முதல் இரண்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டு அங்கே நிறுவு' என்பது. சின்னவை எப்போதும் முதல் இரண்டு இடத்தில் வரும். பொய் டிஸ்க்குகளில் எத்தனை தடவை ஓட்டினாலும் அதுதான் நடந்தது. பெரியவற்றில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார், சின்னவற்றைத் தமக்குள் இடம் மாற்றிப் பார்த்தார், நடுவில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். பெரிய டிஸ்க்குகளை அது சீண்டவே இல்லை.

"பொய் சொல்றான் அந்த நாய்" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அழிக்காது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் சாகெனுக்கு நாற்பதாம் நாள் சடங்கு. முடித்துவிட்டு வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சடங்குக்கு நானும் போயிருந்தேன். முல்லா ஓதி முடித்து, மாவுத் தகட்டின்மேல் குதிரைக் கறி வந்தது. சாகெனோடு வேலை பார்த்த ஒரு முதியவர் எனக்கும் அக்காவுக்கும் எதிரே உட்கார்ந்து, அந்த நாட்களைப் பற்றித் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல இருந்த கட்டடத்துலயும் கரண்டு இல்ல, கண்ணு. ஹீட்டிங் நின்னு, குழாயெல்லாம் வெடிச்சுப்போச்சு. வெளிய மைனஸ் முப்பத்தி நாலு. உள்ள மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அந்த கம்ப்யூட்டர் ரூம்ல ஒருத்தன் வச்ச டீ கிளாஸோட கல்லாயிடுச்சு. கரண்டு வந்ததும் மொதல்ல கம்ப்யூட்டரப் போடுடா, போடுடான்னு அந்தக் கொரியப் பையனப் புடுங்கி எடுத்தாங்க. கையுறையக்கூடக் கழட்டாம வேல பாத்தான்."

அக்காவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. கறியைத் தட்டிலேயே வைத்தார். அன்று அப்புறம் எதையும் சாப்பிடவில்லை. காரில் திரும்பும்போது, ஊர் எல்லை தாண்டியதும் கேட்டார்.

"எவால்ட், நாம ஓட்டற டிஸ்க்குக்குக் குளிருமா?"

"இல்லாத டிஸ்க்குக்கு எப்படிக்கா குளிரும்?"

"அதான்" என்றார்.

அலுவலகத்துக்குப் பின்னால் சாமான்கள் போட்டுவைக்கும் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்கு ஹீட்டிங் கிடையாது. யாரோ வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய, அதே மாதிரி சர்வர் ஒன்று அங்கே கிடந்தது. பழைய டிஸ்க்குகளுக்கும் பஞ்சமில்லை. அதே வயதில் இரண்டு சின்னவற்றைத் தேடி எடுத்தோம். புதிதாக இரண்டு பெரியவற்றைக் கைரத்துக்குத் தெரியாமல் நான் எடுத்துவந்தேன். அக்கா நான்கையும் சர்வரில் மாட்டி, மூடாமல் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே மூச்சு விட்டால் மீசையில் பனி பூத்தது. பென்டிரைவைச் செருகிப் பட்டனை அழுத்தினார். சிஸ்டம் சின்னவற்றில்தான் ஏறியது. எல்லாம் சரியாக இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. "பாத்துட்டீங்கல்ல, போதும்க்கா. வாங்க, உள்ள போயி டீ குடிக்கலாம்."

"இன்னிக்கு மைனஸ் இருபத்தி ரெண்டுதான்."

"அதுக்கு?"

"அவர் சொன்னது முப்பத்தி நாலு."

வானொலியில் பெருங்குளிர் வருவதாகச் சொன்ன வாரம் அது. அக்கா தினமும் காலையில் கோட்டைக் கழற்றாமல் நேரே கொட்டகைக்குப் போவார். வியாழக்கிழமை அன்று தெருவில் பஸ்கள்கூடக் கிளம்பவில்லை. அன்று பட்டனை அழுத்தியதும் சர்வருக்குள்ளிருந்து வந்த சத்தமே வேறாக இருந்தது. பழைய டிஸ்க்குகள் இரண்டும் சுழல முடியாமல் முனகின. உள்ளே இருக்கும் மசகு இறுகிப்போயிருந்தது. நின்று, மறுபடி முக்கி, மறுபடி நின்றன. அவை எழுவதற்குள் புதிய பெரிய டிஸ்க்குகள் இரண்டும் சுழன்று, ஆஜர் சொல்லிவிட்டன. திரையில் 'முதல் டிஸ்க்', 'இரண்டாம் டிஸ்க்' என்று அவற்றின் பெயர்கள்தாம் வந்தன. சின்னவை பிந்தி எழுந்து மூன்றாவதாகவும் நான்காவதாகவும் நின்றன.

மென்பொருள் எதையும் கேட்கவில்லை. முதல் இரண்டையும் ஆரம்பம் முதல் கடைசிவரை துடைக்க ஆரம்பித்தது.

அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். தயிர் உருண்டையைக் கடிக்கவில்லை. அதை வாயிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்தட்டுமாக்கா?"

"வேணாம். முழுசா முடியட்டும். அங்கயும் யாரும் நிறுத்தல."

மறுநாள் திரும்ப ஓட்டினார். திரும்பவும் அதுவே. மூன்றாவது தடவைக்கு நான் போகவில்லை.

அவர் உள்ளே வந்து, ஹீட்டர்மேல் கைகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, இது நம்ம ரெண்டு பேத்துக்குத்தான் தெரியும். நீங்க எழுதிவச்ச பேப்பர் மேசையிலதான் இருக்கு. அதை அனுப்பிட்டா முடிஞ்சது. இதை வெளிய சொன்னா, யாரும் வேணும்னு அழிக்கலன்னு ஆயிடும். சுரங்கத்துக்காரன் சிரிச்சுட்டே தப்பிச்சுடுவான். உங்க தம்பி கேஸு போச்சு."

"ஹெகாய்க்கும் தெரியும்" என்றார் அக்கா.

"என்ன?"

"ரெண்டு பேத்துக்கு இல்ல. மூணு பேத்துக்குத் தெரியும். மூணாவது ஆளு உள்ள உக்காந்துருக்கான்."

ரபீகாவிடம் முதலில் சொல்லவேண்டும், பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது என்றார். நான்தான் காரில் கூட்டிப் போனேன். ரபீகா எங்களைச் சமையலறையில் உட்காரவைத்துப் பால் ஊற்றிய டீ கொடுத்தாள். பிள்ளைகள் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா, டிஸ்க்கு, குளிர், கொட்டகை என்று சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். ரபீகா முழுவதையும் கேட்டாள்.

"அப்போ அந்தக் கொரியன் வேணும்னு அழிக்கல."

"இல்ல."

"அன்னிக்குக் காலைல கீழ எவ்வளவு வாயு இருந்துச்சுன்னு?"

"இனிமே யாருக்கும் தெரியாது, ரபீகா."

"மணி அடிச்சுதுன்னு ஆளுங்க சொல்றாங்களே அக்கா. பொய்யா சொல்றாங்க?"

"பொய் இல்ல. எனக்கும் அவங்க சொல்றதுதான் நெசம்னு தோணுது. ஆனா ஒருத்தரும் அதை எழுதிக்காட்ட முடியாது. அதான் அழிஞ்சு போச்சே."

"நீங்க இதைச் சொல்லலேன்னா?"

"வேணும்னுதான் அழிச்சாங்கன்னு கோர்ட்டு நம்பும். எதையோ மறைக்கத்தானே அழிச்சிருப்பாங்கன்னு கேட்பாங்க. நிர்வாகத்துல ரெண்டு பேராவது உள்ள போவாங்க."

"அப்போ சொல்லாதீங்க."

"ரபீகா..."

"சொல்லாதீங்கன்னு சொல்றேன். அவங்க கொன்னாங்கல்ல? மணி அடிக்க அடிக்க ஆளுங்கள உள்ள வச்சு கொன்னாங்கல்ல? அப்பறம் எதுக்கு மாட்டுனா என்ன?"

"அவங்க மட்டும் மாட்டல. அந்தப் பையனும் மாட்டறான். அவன் ஒண்ணும் பண்ணல."

"எம்புருஷன் என்ன பண்ணான்?"

"நான் கண்ணால பாத்துட்டேன்டி. மூணு தடவ பாத்தேன். பாத்தத பாக்கலேன்னு எழுத என் கை வரல."

ரபீகா எழுந்தாள். அக்காவின் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து, பாதி டீயைத் தொட்டியில் கொட்டினாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அக்காவை 'நீங்க' என்று மட்டுமே பேசியவள். "நீ அவனுக்கு அம்மா மாதிரின்னு சொல்லுவான். கேட்டு கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு. ஒரு அம்மா இப்படிச் செய்வாளா? போ. நீ பேசற டிஸ்க்குங்ககிட்டயே போ" என்றாள். மூத்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ரபீகா அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அக்கா மறுநாள் பழைய தாளைக் கிழித்துப் போட்டார். நடந்ததை நடந்தபடி எழுதி, சர்வர் கொட்டகையில் நிற்கும் போட்டோவையும் இணைத்து, கைரத்திடம் காட்டிவிட்டு விசாரணை அதிகாரிக்கு அனுப்பினார். கைரத் அதைப் படித்துவிட்டு முதலில் கெஞ்சினார், அப்புறம் கத்தினார்.

"இதைச் சோதிச்சு சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீங்கதானே?"

"நான்தான். அதையும் எழுதியிருக்கேன். கடைசிப் பத்தியப் படிங்க."

விசாரணைக்காரர்கள் வந்து கொட்டகையில் ஓட்டிப் பார்த்தார்கள். குளிர் குறைந்துவிட்டிருந்ததால் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குச் சர்வரைத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. அக்கா சொன்னதே நடந்தது. ஹெகாயை விட்டுவிட்டார்கள். சுரங்க நிர்வாகத்தின் வக்கீல் அந்த அறிக்கையைக் கோர்ட்டில் வரிவரியாகப் படித்தார். எங்கள் கட்சிக்காரர்கள் எதையும் மறைக்கவில்லை, மறைக்க எதுவும் இருக்கவும் இல்லை என்றார். மறைக்க எதுவும் இல்லை என்ற அந்த இரண்டாவது பாதியை அக்கா எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் அதுதான் எடுபட்டது. மணி அடித்தது என்று சொன்னவர்களிடம், சத்தத்தில் தெளிவாகக் கேட்டதா, எத்தனை தடவை, உறுதியாகச் சொல்லமுடியுமா என்று கேட்டார்கள். அவர்களில் இருவர் இன்னும் அதே சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு உறுதியாகச் சொல்லமுடியவில்லை. வாயு திடீரென்று பீறிட்டது என்று தீர்ப்பாயிற்று. மேஸ்திரி அந்த விபத்திலேயே செத்துப்போயிருந்தார்.

எங்கள் கம்பெனியில் அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். சோதனையில் கவனக்குறைவு என்பது காரணம். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. 'முதல் இரண்டு' என்று இருந்த உத்தரவை, ஒவ்வொரு டிஸ்க்கையும் அதன் சொந்த எண்ணைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும்படி நான் மாற்றி எழுதினேன். ஒரு காலைப்பொழுது வேலை.

வருஷம் திரும்பியது. சாகெனுக்கு ஆண்டு நினைவுச் சடங்கு. ரபீகா அழைக்கவில்லை. ஆனால் இறந்தவர் விருந்துக்கு யாரும் வரலாம், வருகிறவரை விரட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா போகவேண்டும் என்றார். கூட நானும் போனேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தின் கடைசியில், கதவோரமாகப் போய் உட்கார்ந்தார். சில பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கறி பரிமாறும் நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒருத்தி உள்ளே வந்தாள். குட்டையான, வயதான கொரியப் பெண். கையில் ஒரு ஜாடி நிறையக் காரட் ஊறுகாய். அவள் ரோமன் ஹெகாயின் தாய். வீட்டுக்காரி யார் என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தவள், பேப்பரில் படம் பார்த்திருந்தாளோ என்னவோ, நேரே கம்ஷாத் அக்காவிடம் போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானம்மா? நீங்கதானே எம்புள்ளைய வெளிய கொண்டுவந்தீங்க? உங்க வீட்டுக்கு வந்தேன், இங்க போயிருக்கீங்கன்னாங்க. கடவுள் உங்களுக்கு..."

"இங்க வேணாம்மா" என்றார் அக்கா, வாய்க்குள். "தயவுசெஞ்சு இங்க வேணாம்."

அறை முழுக்கக் கேட்டுவிட்டது. கரண்டிச் சத்தம் நின்றது. ரபீகா பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். தாம்பாளத்தை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு வந்தாள். ஏதோ நடக்கப்போகிறது என்று நான் ஆண்கள் பக்கமிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அவள் கிழவியின் கையிலிருந்த ஜாடியை வாங்கிக்கொண்டாள்.

"உங்க புள்ள வீட்டுக்கு வந்துட்டானா?"

"வந்துட்டான், தாயீ."

"சாப்படறானா?"

"சாப்படறான். தூங்கத்தான் மாட்டேங்கறான்."

"வாங்க, இப்படி மேல வந்து உக்காருங்க" என்று கிழவியின் தோளைப் பிடித்து நடத்திப்போய், பெரியவர்களுக்கான இடத்தில் உட்காரவைத்தாள். தன் கையால் நல்ல கறியாகப் பொறுக்கி அவளுக்கு வைத்தாள். பிறகு வரிசையாக ஒவ்வொருத்தியின் முன்னாலும் வைத்துக்கொண்டே வந்தாள். கதவருகே வந்ததும் கம்ஷாத் அக்காவைத் தாண்டி, அடுத்தவளுக்கு வைத்தாள். சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே தெரியாததுபோல் போய்விட்டாள்.

அக்கா கடைசிப் பிரார்த்தனை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். எல்லாரோடும் சேர்ந்து முகத்தை உள்ளங்கைகளால் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் காரைக் கிளப்பும்வரை தெருவிளக்குக் கம்பத்தருகே நின்றுகொண்டிருந்தார்.

"அழைக்காமப் போயிருக்கக்கூடாதுக்கா" என்றேன்.

"போகாம எப்படி இருப்பேன்?" என்றார். கொஞ்சதூரம் போனபிறகு, "சின்னவ நல்லா வளந்துட்டா, பாத்தியா? அப்படியே அவன் மூக்கு" என்றார்.

அந்த வசந்தத்தில் அவர் பாவ்லதாருக்குக் குடிபோனார். அங்கே ஒரு கோழிப் பண்ணையில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் போன் செய்திருந்தார். ரபீகா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு அஸ்தானாப் பக்கம் போய்விட்டாள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள் என்று சொன்னேன். விலாசம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"மாப்பிள்ளை சுரங்கத்து ஆளா?"

"இல்லக்கா. லாரி ஓட்டறவராம்."

"அப்பச் சரி" என்றார். அங்கே ஆற்றில் இன்னும் பனி உடையவில்லை என்று சொல்லிவிட்டு, போனை வைத்தார்.